கயிறு பிடிப்பவர்

ஸ்கூபா டைவிங் பற்றித் தமிழில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. திறனாய்வுதான் கண்ணில் படுவதில்லை. முதன்முறை கடலுக்குள் போய் ஏறியவர், தலை ஈரம் காய்வதற்குள் கைபேசியை எடுத்து, கூட்டிப்போன நிறுவனத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மதிப்பிட்டது கடலை. கிளிமீனும் பவளமும் தந்த பரவசம், இருபது நிமிடம் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவரின் கணக்கில் வரவாகிவிடுகிறது. பாடுபொருள் பெரிது என்பதற்காகப் பாட்டையும் பெரிது என்று கொள்ளும் பிழையை நம் விமர்சன மரபு எப்போதோ கடந்து வந்துவிட்டது. டைவ் சென்டர் வாசலில் மட்டும் அது இன்னும் செல்லுபடியாகிறது.

விமர்சகர் க.நா.சு.வின் இலக்கியப் பட்டியல்களோடு சண்டை போட்டவர்கள்கூட, அவர் படித்துவிட்டுத்தான் பட்டியல் போட்டார் என்பதை மறுத்ததில்லை. நட்சத்திரப் பட்டியலுக்கு அந்த அருகதையும் கிடையாது. ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் இறங்கியவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இல்லை. ஆகவே ரசனையை ஓரமாக வைத்துவிட்டு, அலசல் விமர்சகர் சி.சு. செல்லப்பா வழியில் அலசத்தான் வேண்டியிருக்கிறது.

கேள்வி இதுதான். கடலே இல்லாத மதுரையிலிருந்து, ஐந்தாறு நாள் விடுப்பில், முதன்முறையாக டைவிங் பழகப் போகிறவர் யாரிடம் தன்னை ஒப்படைக்கலாம்? கரீபியனுக்குப் போகிற அமெரிக்கருக்குத் தீவுக்கொரு விடை இருக்கிறது. போனேரில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். கோசுமெலில் நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும், கற்றுக்குட்டிக்கு அது பிந்திய பாடம். நம் கைக்கெட்டுபவை குறைவு: கேரளத்துக் கோவளம், புதுச்சேரி, திருகோணமலை, அந்தமான். லட்சத்தீவுக்கு அனுமதிச்சீட்டும், கர்நாடகத்து நேத்ராணிக்கு நீண்ட பயணமும் வேண்டும் என்பதால் முதல் பயணத்துக்கு இரண்டையும் விட்டுவிடுகிறேன். இவ்வளவு அருகில் இருக்கிற மன்னார் வளைகுடா ஏன் பட்டியலில் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், போகிறவர் எதைக் கொண்டு போகிறார் என்று பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் நீச்சல் என்றால் கிணறு. மேலூர்ப் பக்கம் என் தாய்மாமா தோட்டத்துக் கமலைக் கிணற்றில்தான் நான் பழகினேன். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் கையில். நீந்த வந்த பிறகு அடுத்த தேர்வு, அடிவரை முங்கி ஒரு கை மண் அள்ளி வருவது. மண் இல்லாமல் ஏறினால் கெட்டிக்காரன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாதி ஆழத்திலேயே காதுக்குள் ஊசி குத்தும். ஏன் என்று மாமாவிடம் கேட்டால், "போகப் போகச் சரியாப் போகும்டா" என்பார். அவருடைய கற்பித்தலில் விளக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அது குறை. ஆனால் ஒருமுறைகூட அவர் கயிற்றைத் தளரவிட்டதில்லை.

இந்தக் கிணற்றுத் தேர்ச்சிதான் கடலில் வினையாகிறது. கிணற்றில் முங்குகிறவன் மேலே இழுத்த காற்றோடு போகிறான்; அது கீழே சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறானோ அவ்வளவு கெட்டிக்காரன். ஸ்கூபாவில் கதை தலைகீழ். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிவதற்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் போதும். முதல் வகுப்பின் முதல் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பது. எனவே வைகை அணையில் நீந்தினேன், கிணற்றில் ஒரு நிமிடம் தம் கட்டுவேன் என்று பெருமையாகச் சொல்லும் மாணவர்தான் பயிற்றுநருக்கு அதிகக் கவலை தர வேண்டியவர். "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு 'ஆம்' என்றதும் திருப்தி அடைகிற சென்டர் சாதாரணமானது. "எங்கே பழகினீர்கள்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்கிற சென்டருக்குத் தன் தொழில் தெரியும்.

கயிறு என்றதும் தூத்துக்குடி நினைவுக்கு வராமல் இருக்காது. முத்துக்குளிப்பில் இறங்குகிறவர் கல்லைப் பற்றிக்கொண்டு அடிக்குப் போவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டும், தன் அக்கா தங்கை தாலி அறுபட அவன் விடமாட்டான் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். வழக்கம் எல்லா இடத்திலும் அப்படியே இருந்ததா என்பது வேறு விஷயம். அந்தப் பேச்சில் ஒரு அளவுகோல் இருக்கிறது: கயிறு பிடிப்பவரின் திறமை இறக்கிவிடுவதில் தெரியாது, இழுக்க வேண்டிய நேரத்தில் இழுப்பதில் தெரியும். இறக்கக் கூடாத ஆண்டில் இறக்காமல் இருப்பதும் அதில் சேர்த்தி. முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது என்று அறிவிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

என் அளவுகோல் இங்கிருந்து வருகிறது. ஒரு டைவ் சென்டரை அது தருவதை வைத்து மதிப்பிட முடியாது. தருவது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஒரு சிலிண்டர், ஒரு படகு, நான்கு புகைப்படம், ஒரு சான்றிதழ். எதை மறுக்கிறது என்பதில்தான் சென்டருக்குச் சென்டர் வித்தியாசம்.

இரண்டு காலைகளைச் சொல்கிறேன். முதலாவது, கிழக்குக் கரையில் ஓர் ஊர். மேசையில் மருத்துவ வினாப்படிவம் வந்தது. ஆஸ்துமா, இதயம், காது, சமீபத்திய அறுவைச் சிகிச்சை என்று பத்துக் கேள்விகள். 'ஆம்' என்று விழுகிற பதில் மருத்துவரின் கையெழுத்தைக் கேட்கக்கூடும். நான் பேனாவை எடுத்து யோசிப்பதைப் பார்த்த இளைஞர், "எல்லாத்துக்கும் நோ-ன்னு போட்டுருங்க சார், போட் கெளம்புது" என்றார். நல்ல பையன், பணிவான பேச்சு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் அந்த நிறுவனத்தின் முழு முறைமையும் அம்பலமாகிவிட்டது. படிவம் அவர்களுக்குப் பாதுகாப்புக் கருவி இல்லை, வழக்கு வந்தால் காட்டும் காகிதம்.

இரண்டாவது, ஒரு தீவு. எனக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியேறியதைப் பயிற்றுநர் பார்த்துவிட்டார். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொன்னார். வலக்காது திறந்தது, இடக்காது அசையவில்லை. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்றேன். மருந்து பாதியில் வேலையை நிறுத்தினால் இறங்கும்போது வராத சிக்கல் ஏறும்போது வரும், இன்று முடியாது என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பணம் கட்டியவன், லீவு எண்ணி வந்தவன். கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கிளம்பிய படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவைப் போலக் கயிற்றை இழுத்தவர் அவர், மாமா தராத விளக்கத்தையும் சேர்த்துத் தந்தவர் என்பது எனக்குப் புரிய மறுநாள் ஆயிற்று.

மறுப்பின் பிற வடிவங்களையும் இப்படியே சோதிக்கலாம். ஐந்தாவது ஆளைச் சேர்க்க மறுப்பார்களா? 'ட்ரை டைவ்' எனப்படும் அனுபவ டைவில் ஒரு பயிற்றுநருக்குத் திறந்த கடலில் நான்கு பேர் என்பது சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு; உச்சவரம்பையே வழக்கமான எண்ணிக்கையாக வைத்திருப்பவர் விதியைப் படித்தவர், அதன் நோக்கத்தைப் படிக்காதவர். முதல் நாள் இரவு குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவார்களா? (தூத்துக்குடியில் பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, டைவ் சென்டரில் பார் என்றால் காற்றழுத்தம். மதுரையில் பார் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கெடுப்பது இந்த மூன்றாவதுதான்.) அலை எழும்பிய நாளில், பத்துப் பேரின் முன்பணம் கையில் இருக்க, படகை நிறுத்துவார்களா? நேரில் பார்க்காமல் தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. போனில், "போன மாசம் எத்தனை நாள் கடலுக்குப் போகல?" என்று கேளுங்கள். "நாங்க டெய்லி போவோம் சார்" என்று பெருமையாகப் பதில் வந்தால், உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்க வேண்டும்: எப்போது, எந்த வழியாகத் திரும்புகிறீர்கள்? பல நாள் பல டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட பரிந்துரை. விமானத்தை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட மலையை மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கோ கடல் முடிந்ததும் கொடைக்கானல் போகலாமே என்ற யோசனை இயல்பாக வரும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். கேரளக் கரையில் காலையில் டைவ் செய்துவிட்டு, மூணாறு, போடிமெட்டு, தேனி வழியாக அன்றே ஊர் திரும்புகிற காரும் உடலுக்கு விமானம் மாதிரிதான். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு மேலே போவது எதில் என்ற பேதம் தெரியாது. இதை வரைபடம் பார்த்துச் சொல்லும் பயிற்றுநரை நான் ஒருமுறைதான் சந்தித்திருக்கிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புதியவருக்கு ரெகுலேட்டரின் தரம் தெரியாது. தெரிந்ததுபோல நடிப்பதிலும் பயனில்லை. ஒன்றை மட்டும் எவரும் பார்க்கலாம். சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் இருக்கும். வாய்க்கருவியை மாட்டி நான்கைந்து முறை மூச்சிழுத்துக்கொண்டே அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் குனிந்து நிமிர்ந்தால் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். கரையில் போதுமாகத் தோன்றும் அந்தக் காற்று ஆழத்தில் போதாது. காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் கம்ப்ரசரில் கோளாறு. படகில் அவசர ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "இருக்கு சார்" என்பது விடை ஆகாது. எடுத்துக் காட்டுவதுதான் விடை.

சான்றிதழ் அமைப்புகளைப் பற்றிய விவாதத்துக்குத் தகுதிக்கு மேல் இடம் கிடைத்துவிட்டது. 1966இல் தொடங்கிய பாடியா, 1970இல் தொடங்கிய எஸ்எஸ்ஐயா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். தொடக்க நிலையில் இரண்டின் பாடமும் ஒரே பன்னாட்டுத் தரத்தை ஒட்டியே போகிறது. 18 மீட்டர்தான் இரண்டுக்கும் எல்லை. கவனிக்க வேண்டிய மயக்கம் வேறு. சென்டர் பலகையில் உள்ள 'ஃபைவ் ஸ்டார்' என்பது ஓட்டல் நட்சத்திரம் போன்றதில்லை. அமைப்போடு அந்த நிறுவனத்துக்குள்ள உறவின் நிலை, அது நடத்தும் பயிற்சிகளின் வகை ஆகியவற்றைக் குறிப்பது அது. நாளை உங்களோடு இறங்கப் போகும் ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த ஆளின் பயிற்றுநர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அமைப்பின் தளத்தில் அவர் இந்த ஆண்டு கற்பிக்கத் தகுதியுள்ளவரா என்று சரிபார்க்க இரண்டு நிமிடம் ஆகும். எண் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது, எதை வாங்குவது. நம்மவர்கள் பெரும்பாலும் வாங்குவது 'ட்ரை டைவ்'. பயிற்றுநர் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, கொலு பொம்மையை நகர்த்துவதுபோல நம்மை நகர்த்துவார். இதைக் கேலி செய்வது சுலபம், நியாயம் இல்லை. தனக்குத் தண்ணீருக்கடியில் பயம் வருமா என்று அறியக் கொடுக்கும் கட்டணமாக அது சரியான விலைதான். ஆனால் அதில் கற்றல் கிடையாது, எனவே அதை வைத்து ஒரு நிறுவனத்தின் கற்பித்தலை எடைபோடவும் முடியாது. ஓபன் வாட்டர் கோர்ஸ்தான் உண்மையான உரைகல். 200 மீட்டர் நீச்சல், பத்து நிமிட மிதவை, அமைதியான நீரில் ஐந்து கட்டப் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். மாஸ்க்கை நீருக்கடியில் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி நீரை வெளியேற்றும் பயிற்சியில் எத்தனை பேர் திணறுகிறார்கள், திணறுகிறவரிடம் பயிற்றுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தால் போதும். கோர்ஸை மூன்றே நாளில் முடித்துத் தருகிறோம் என்பது விளம்பரம். நாலாவது நாள் தேவைப்பட்டால் தருவோம் என்பது முறைமை. 200 மீட்டரைப் போகும் இடத்தில் முதன்முறையாக முயல வேண்டாம்; மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் நீச்சல்குளம் இருக்கிறது.

இனி இடங்கள். மன்னார் வளைகுடா முதலில். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுப் பகுதியில் இறங்க முடியாது. இதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற கடல் அது, மறுப்பு அதற்குத் தேவை. போனேர் 1979இலேயே தன் கடலைப் பூங்காவாக்கியது. ஆனால் டைவரைத் தடுக்காமல், எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் முதலில் அறிமுக டைவ் ஒன்றை முடித்துக் காட்ட வேண்டும் என்று விதித்தது. நம் வனத்துறையும் ஒருநாள் அந்த இடத்துக்கு வரலாம். அதுவரை, தீவுப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கோவளம் காரில் போய்வரும் தொலைவு. அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை: பாறையும் மீனும் உண்டு, தெளிவு நாளைப் பொறுத்தது. ட்ரை டைவுக்குப் போதும்.

புதுச்சேரியின் வழக்கு சிக்கலானது. நிறைகள் கனமானவை: தமிழில் விளக்கம் கிடைக்கும், பல ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கும் ஊர், மணல் தரையில் செயற்கைத் திட்டுகளை அமைத்து மீன் சேரவிட்டது உண்மையான சாதனை. குறைகளும் அதே கனம். வங்காள விரிகுடா மறைப்பில்லாத கடல். படகு ஆட்டத்தில் இறங்கும் முன்பே பாதிப்பேருக்கு வாந்தி வந்துவிடும். காலையில் தெளிந்திருந்த நீர் மதியம் கலங்கலாம். கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டித் தெரியாத நீரில் மாஸ்க்கைக் கழற்றிப் பழகுகிறவர் நல்ல டைவராக வெளியே வரலாம். இரண்டாம் முறை வராமலும் போகலாம். முதல் பாடத்துக்கு இந்தக் கடல் கடினம் என்பது என் முடிவு. கற்ற பிறகு பழக இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது என்பதும் என் முடிவே.

திருகோணமலைக்கு மதுரை விமான நிலையத்திலிருந்தே கொழும்பு வழியாகப் போகலாம். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, ஆழமில்லாத பவளம், மே முதல் செப்டம்பர் வரை அமைதியான நீர், கரையெல்லாம் தமிழ். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அது திறந்திருப்பது பெரிய வசதி. ஆனால் கொழும்பிலிருந்து தரைவழி அரைநாளைத் தின்றுவிடும். தீவில் ஸ்நார்க்கல் கூட்டமும் அதிகம்.

அந்தமானைப் பற்றிய புகழ்ச்சியில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரை ஒட்டிய நார்த் பேயில் நடப்பது டைவிங் தொழிலை விடத் திருவிழாக் கூட்ட நிர்வாகத்துக்குப் பக்கம். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கின் நிலை வேறு. கரையிலிருந்தே இறங்கக்கூடிய ஆழமற்ற நீர், நல்ல தெளிவு, ஏப்ரல் மாத அமைதி. பல சென்டர்கள் அடுத்தடுத்து இருப்பதால் போய் இறங்கிய பிறகும் மூன்று இடம் ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கலாம். முன்பணத்தை மட்டும் ஊரிலிருந்தே முழுதாகக் கட்டிவிடக் கூடாது. குறை: அழுத்தக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அறை போர்ட் பிளேயர் கடற்படை மருத்துவமனையில்தான், இடையே கப்பல் பயணம் இருக்கிறது. விபத்தானவரை எப்படி, எவ்வளவு நேரத்தில் அங்கே சேர்ப்பார்கள் என்று கேட்டால், சட்டென்று படகின் பெயரோடு பதில் சொல்கிற சென்டர்தான் தேர வேண்டும்.

தீர்ப்பு: மதுரையின் முதன்முறைக்காரருக்கு ஏப்ரல் முதல் பாதியில் சுவராஜ் தீவு, ஓபன் வாட்டர் கோர்ஸ், ஒரு பயிற்றுநருக்கு மூன்று மாணவருக்கு மேற்படாத சென்டர். விடுப்பு அந்த மாதம் அமையாமல் ஜூலை ஆகஸ்டில் அமைந்தால் திருகோணமலை. புதுச்சேரி, சான்றிதழ் பெற்ற பிறகு.

தேர்ந்ததிலும் ஒரு குறை மிச்சம். தீவில் பல சென்டர்களில் விளக்கம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். என் கூட வந்த வில்லாபுரத்து நண்பர், 6 மீட்டர் ஆழத்தில் ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நம் ஊரில் அதற்குப் பொருள் 'சூப்பர்'. நீருக்கடியில் 'மேலே போக வேண்டும்'. பயிற்றுநர் அவரை மேலே கூட்டிவந்துவிட்டார். மறுபடி இறங்கியபோது மறுபடி கட்டை விரல், மறுபடி மேலே. ஆமை இதற்குள் போய்விட்டிருந்தது. பயிற்றுநர் இரண்டு முறையும் சரியாகவே செய்தார். சைகைப் பாடத்தை நண்பர் இந்தியில் கேட்டுத் தலையாட்டியிருந்தார். தமிழ் பேசும் பயிற்றுநர் இருக்கிறாரா என்பதோடு நிறுத்தாமல், உங்கள் தேதியில் அவர் பணியில் இருக்கிறாரா என்றும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.